மருத்துவருக்கு மனம் சரியில்லாதபோது: எந்தக் கதவைத் தட்டுவது?

பயிற்சி மருத்துவர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் என்னிடம் தனியாக வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “ஒரு மாசம் லீவு போட்டா சரியாயிடுமா? கவுன்சலிங் போகணுமா? மாத்திரை ஆரம்பிச்சா பேரு கெட்டுப்போகுமா? இல்ல, பேசாம இந்தத் துறையையே விட்டுடட்டுமா?” நாலு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். கேட்பவர் பல மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, இனி முடியாது என்ற நிலையில்தான் வந்திருப்பார். அப்படி வருபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை செய்பவள். ஓர் இரவு மூன்று வயதுக் குழந்தை ஒன்றை மூச்சில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடை 14 கிலோ. நின்ற இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து 0.14 மில்லிகிராம், பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கரைசலில் 1.4 மில்லி. நாற்பது நிமிடம் விடாமல் முயன்றோம். குழந்தை பிழைக்கவில்லை. வெளியே போய்ப் பெற்றோரிடம் சொன்னேன். திரும்பி வந்து, கை கழுவி, கையுறை மாற்றிக்கொண்டு, காதுவலியோடு காத்திருந்த அடுத்த குழந்தையைப் பார்த்தேன். அன்று நான் அழவில்லை. அதற்கப்புறம் படுக்கையில் கண்ணை மூடினால் போதும், கணக்கு ஆரம்பித்துவிடும். 14 கிலோ, 1.4 மில்லி. 14 கிலோ, 1.4 மில்லி. ஒவ்வொரு முறையும் விடை சரியாகவே வந்தது. இருந்தும் மறுபடி போடுவேன்.

கீழே சொல்லும் வழிகளில் பாதிக்கு மேல் நானே போய்ப் பார்த்தவை. தவறான வரிசையில் போனதால் எட்டு மாதம் வீணானது. உங்களுக்கு அது வேண்டாம்.

## முதலில், இது என்ன?

இருமலோடு வருபவருக்கு அது எந்த இருமல் என்று பார்க்காமல் நாம் மருந்து எழுதுவதில்லை. நம் விஷயத்தில் மட்டும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். அந்த மூடிக்குக் கீழே குறைந்தது நாலு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

பணிச்சோர்வு. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் இதைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் இதற்கு ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். மாஸ்லாக் சொல்லும் அடையாளங்கள் மூன்று. மனம் வற்றிப்போவது. நோயாளியை ஆளாகப் பார்க்காமல் ‘ஏழாம் நம்பர் பெட்’ என்று பார்க்கத் தொடங்குவது. என்ன செய்து என்ன பயன் என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதை நோய் என்று சேர்க்கவில்லை. வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இதன் வேர் வேலையில்தான் இருக்கிறது என்பதால் அந்த வேறுபாடு நமக்கு முக்கியம்.

ஒரு சம்பவத்தின் காயம். ஒரு சாவு, ஒரு தவறு, மயிரிழையில் தப்பிய ஒரு ஆபத்து. ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-இல் இதற்கு ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று பெயர் வைத்தார். நோயாளிகளின் குடும்பங்கள் அந்தப் பெயரை ஏற்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது. பெயரை விடுங்கள், அந்த நிலை உண்மையானது. என் 1.4 மில்லி இந்த வகை.

மனசாட்சியின் காயம். நோயாளிக்கு என்ன தேவை என்று தெரிகிறது; படுக்கை இல்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை என்பதால் செய்ய முடியவில்லை. போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றிப் பேசும்போது பிறந்த இந்தக் கருத்தை வெண்டி டீன், சைமன் டால்போட் இருவரும் 2018-இல் மருத்துவர்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். தியானம் செய்தால் படுக்கை வந்துவிடாது என்பது இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மனச்சோர்வு நோய். இது முழுக்க முழுக்க மருத்துவப் பிரச்சினை. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. பயிற்சி தொடங்குமுன் மனச்சோர்வு அளவுகோலைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி ஆண்டின் போது அது சராசரியாக 25.7 சதவீதம். அதே ஆட்கள்தான். மாறியது அவர்களுடைய வேலை மட்டும்.

எது எது என்று பிரிக்க எளிய வழி ஒன்று: விடுமுறை நாளில் எப்படி இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நாலு நாள் ஓய்வில் பசி வந்து, தூக்கம் வந்து, சிரிப்பும் வந்தால் பணிச்சோர்வின் பக்கம் யோசிக்கலாம். பிடித்த ஆட்களோடு இருந்தும், பிடித்த இடத்தில் இருந்தும், இரண்டு வாரமாக எதிலும் ருசியில்லை என்றால் மனச்சோர்வைத் தேட வேண்டும். நோயாளிகளுக்கு நாம் நீட்டும் பிஎச்க்யூ-9 படிவத்தை, அதாவது மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகளை, எடுத்து நேர்மையாக நிரப்புங்கள். மொத்த மதிப்பெண் 27; 10-ஐத் தொட்டால் ஒருவர் உங்களைப் பரிசோதிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது சாவு பற்றிய எண்ணத்துக்கு, பூஜ்யம் தவிர வேறு எந்த விடை வந்தாலும் மொத்தத்தைக் கூட்ட வேண்டியதே இல்லை; இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.

இந்த நாலும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கும். பணிச்சோர்வு முற்றி மனச்சோர்வானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

மருத்துவர்களுக்கு இந்த முடிவில் ஐந்து விஷயங்கள்தான் கனமாக இருக்கின்றன.

- ரகசியம்: யாருக்குத் தெரியும், எங்கே பதிவாகும்?
- வேகம்: இன்றே கிடைக்குமா, ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமா?
- ஆழம்: உண்மையான நோய் இருந்தால் இந்த வழி அதைத் தாங்குமா?
- வேர்: காரணத்தைத் தொடுகிறதா, வலியை மட்டும் தணிக்கிறதா?
- மறைவான செலவு: பணம் போக, உறவு, நேரம், பெயர் என்று என்னென்ன போகும்?

ஐந்திலும் ரகசியத்தைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். புரிகிறது. ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆழத்தை. ரகசியத்துக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும் வழி, வாயே திறக்காமல் இருப்பதுதான். ஆழத்தில் அதற்குப் பூஜ்யம்.

## வழி 1: நானே பார்த்துக்கொள்கிறேன்

தூக்கத்தை ஒழுங்கு செய்வது, நடப்பது, போனை ஓரமாக வைப்பது, தியானம், வேலைக்கு வெளியே ஒரு வாழ்க்கை. இவை எதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். அறிகுறிகள் லேசாக இருந்து, காரணம் தெரிந்து, வேலை தடைபடாமல், ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றால் இது போதுமான வழி. பரீட்சை மாதம், தொடர்ந்து வந்த நைட் டியூட்டி மாதிரி முடிவு தேதி தெரிந்த கஷ்டங்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

வேரை இது தொடாது. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்களின் பணிச்சோர்வுக்காகச் செய்யப்பட்ட முயற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. வேலை நேரம், பணிச்சுமை, வேலை நடக்கும் விதம் ஆகியவற்றை நிறுவனம் மாற்றியபோது கிடைத்த பலன், தனிமனிதரைப் பயிற்றுவித்தபோது கிடைத்ததைவிட அதிகம். ஆகவே ஆறு மாதம் தியானம் செய்தும் சரியாகவில்லை என்றால் உங்கள் மனவலிமையில் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து வேறு. நம் சட்டைப்பையில் பேனா இருக்கிறது. நமக்கு மருந்துப் பெயர்கள் தெரியும். ஒரு ஜூனியர் பையன் வராந்தாவில் என்னை நிறுத்தி, “அக்கா, தூக்கத்துக்கு மட்டும் ஒரு ஸ்ட்ரிப் எழுதித் தாங்களேன், நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் இருக்கு” என்றான். எழுதிக் கொடுத்துவிட்டேன். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்று கேட்கவில்லை, வேறு என்ன எடுக்கிறாய் என்று கேட்கவில்லை, கேஸ் ஷீட் இல்லை. தெருவில் போகும் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் உட்கார வைத்து விசாரித்திருப்பேன். சக மருத்துவன் என்பதால் அவனுக்குக் குறைந்த தர மருத்துவம் கிடைத்தது. அதை இன்றைக்கும் தவறென்றே நினைக்கிறேன்.

பிரிட்டனின் மருத்துவ ஒழுங்குமுறைக் குழு, தனக்கும் நெருங்கியவர்களுக்கும் தானே மருந்து எழுதுவதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. தூக்க மாத்திரைகளிலும் பதற்றத்துக்கான மாத்திரைகளிலும் உடல் பழகிப்போகும் என்பது நாமே நோயாளிகளுக்குச் சொல்லும் பாடம். மது அருந்தித் தூங்கப் பழகியவர்களுக்கும் இதேதான். இந்த இரண்டில் ஒன்று நுழைந்துவிட்டால் வழி 1 முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 2: நம்பிக்கையான சக மருத்துவர்

சம்பவத்தின் காயத்துக்கு முதல் 48 மணி நேரத்தில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அந்த அறையில் இருந்தவருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 2011-இல் இதை முறையான திட்டமாகவே ஆக்கியது: பயிற்சி பெற்ற சக பணியாளர்கள், கூப்பிட்டால் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது.

எல்லாச் சீனியருக்கும் கேட்கத் தெரியாது. நான் முதலில் போனவர் என் துறையில் மூத்தவர், நல்ல மனிதர். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, “இதெல்லாம் சகஜம்மா, பழகிடும்” என்றார். தேற்றுவதற்காகச் சொன்னார். பழகாததால் நான்தான் பலவீனமானவள் என்ற எண்ணத்தோடு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாலு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள். தன் தோல்வியைப் பற்றி உங்களிடம் எப்போதாவது வெளிப்படையாகப் பேசியிருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் மதிப்பெண்ணோ பதவி உயர்வோ அவர் கையில் இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

இன்னொன்று: வழக்கு வரக்கூடிய சம்பவம் என்றால், சிகிச்சை விவரங்களை வராந்தாவிலோ வாட்ஸாப்பிலோ அலசாதீர்கள். இப்படிப்பட்ட பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதுதானே தேவையும்.

மனச்சோர்வு நோய்க்கு நண்பர் போதாது. அவரும் களைத்திருக்கிறார். மூன்று மாதமாக உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும் நண்பர், உங்களைக் கைப்பிடித்து அடுத்த கதவுக்குக் கூட்டிப்போக வேண்டியவர்.

## வழி 3: குழுக்கள்

மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர், துணைவி ஈனிட் பாலின்ட்டோடு சேர்ந்து 1950-களில் லண்டனின் டேவிஸ்டாக் கிளினிக்கில் பொது மருத்துவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைத்தார். பாலின்ட் குழு என்ற பெயரில் இன்றும் பல நாடுகளில் அது நடக்கிறது. எட்டுப் பத்துப் பேர், வழிநடத்த ஒருவர். ஒரு மருத்துவர் தன்னை உறுத்தும் நோயாளியைப் பற்றிக் குறிப்பேடு இல்லாமல் சொல்வார். என்ன மருந்து கொடுத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நோயாளி ஏன் உன்னை இப்படிக் கோபப்படுத்துகிறார், ஏன் அவர் முகம் மறக்கவில்லை என்பதுதான் பேச்சு.

ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் வேறு மாதிரி. நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர், மருத்துவப் பணியாளர்கள் காட்டிய சின்னச் சின்னப் பரிவுதான் தன் வேதனையைத் தாங்கவைத்தது என்று எழுதினார். அவர் பெயரில் 1997-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இது தொடங்கியது. மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் என எல்லாரும் ஒரே கூடத்தில். மூன்று நாலு பேர் தங்களை உலுக்கிய அனுபவத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதைத் தொட்டுப் பேசுவார்கள்.

பலன் உண்டா? மயோ கிளினிக்கில் 74 மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடந்து 2014-இல் வெளியானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்பது மாதம், சின்னக் குழுவில் ஒரு மணி நேரம். வேலையில் ஈடுபாடு கூடியது, நோயாளிகளிடம் மரத்துப்போவது குறைந்தது, முடிந்து ஓராண்டு ஆன பிறகும் அது நிலைத்தது. அந்த ஒரு மணி நேரத்தை மருத்துவமனை வேலை நேரத்திலிருந்தே ஒதுக்கிக் கொடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. டியூட்டி முடிந்து, பசியோடு, இரவு எட்டு மணிக்கு வந்து உட்காரச் சொன்னால் அது இன்னொரு டியூட்டி ஆகிவிடும்.

பணிச்சோர்வுக்கும் மனசாட்சியின் காயத்துக்கும் குழு மிக நல்லது. ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற நினைப்பு உடைவதே பாதி மருந்து. ஆனால் ரகசியம் குறைவு. சின்ன ஊழியர் வட்டத்தில் பேச்சு வெளியே போகும் சாத்தியம் எப்போதும் உண்டு. பச்சைக் காயத்தோடு, அழுகையை அடக்க முடியாத நிலையில், கூட்டத்தில் முதல்முறையாகத் திறக்க வேண்டாம்.

## வழி 4: மருத்துவமனையே வைத்திருக்கும் ஆலோசனைச் சேவை

செலவில்லை, அருகில் இருக்கிறது, சீக்கிரம் கிடைக்கும். நாலைந்து அமர்வுகளில் முடியக்கூடிய விஷயங்களுக்குச் சரி. போகுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பதிவு எங்கே இருக்கும்? நான் வந்தேன் என்ற தகவல் நிர்வாகத்துக்குப் போகுமா? எந்தச் சூழ்நிலையில் ரகசியத்தை உடைப்பீர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில், முடிந்தால் எழுத்தில், கிடைத்தால் போங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வெளியே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு துயரச் சம்பவம் நடந்த மறுநாளே, சம்பந்தப்பட்ட எல்லாரையும் கட்டாயமாக உட்கார வைத்து நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒற்றை அமர்வு பிற்பாடு வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். பேச விரும்புகிறவர் பேசட்டும். விரும்பாதவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு.

## வழி 5: வெளியே, முறையாக ஒரு நோயாளியாக

மருத்துவர்கள் மிகவும் பயப்படும் வழி இது. பலருக்கு வேண்டியிருப்பதும் இதுதான்.

இதற்குள் இரண்டு கிளை. உளவியல் ஆலோசகர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் சிபிடி மாதிரியான சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 அமர்வு வரை போகும். சம்பவத்தின் காயத்துக்கும் லேசான, மிதமான மனச்சோர்வுக்கும் இங்கே தொடங்கலாம். மனநல மருத்துவர் நோயறிந்து மருந்தும் தருபவர். பிஎச்க்யூ-9 உயரமாக இருந்தால், எடை குறைந்தால், வேலையில் கவனம் சிதறித் தவறு வரத் தொடங்கினால், முன்பே ஒருமுறை வந்து போயிருந்தால், சாவு பற்றிய எண்ணம் இருந்தால், நேரே மனநல மருத்துவரிடம் போங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் தவறில்லை. கடுமையான நோய்க்கு அதுவே மேல்.

மருந்து இரண்டு முதல் நாலு வாரத்தில்தான் வேலையைக் காட்டும், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நோயாளிகளுக்கு இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். பத்தாம் நாள் “எனக்கு ஒத்துவரல” என்று தானே நிறுத்துபவர்களில் மருத்துவர்கள் நிறைய.

பயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உரிமத்திலிருந்து. அமெரிக்காவில் 5,829 மருத்துவர்களிடம் கேட்டு 2017-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 40 சதவீதம் பேர் உரிமத்துக்குப் பாதிப்பு வரும் என்று பயந்து மனநல சிகிச்சைக்குத் தயங்குவதாகச் சொன்னார்கள். நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா ப்ரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் வேலை போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தார் வெளிப்படையாகப் பேசினார்கள். அவர் பெயரில் மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கான சட்டம் 2022-இல் அங்கே வந்தது.

ஆகவே பயத்தை வதந்தியை வைத்து எடை போடாமல், உங்கள் மருத்துவ கவுன்சிலின் படிவத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ‘உங்களுக்கு எப்போதாவது மனநோய் இருந்ததா’ என்று கேட்கிறதா, ‘இப்போது வேலை செய்ய முடியாத அளவுக்குப் பாதிப்பு இருக்கிறதா’ என்று கேட்கிறதா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். சிகிச்சையில் இருந்து நன்றாக வேலை செய்பவர் இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று நேர்மையாகவே எழுதலாம்.

மருத்துவர்களுக்கென்றே தனிச் சேவை இருக்கும் நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் பிராக்டிஷனர் ஹெல்த் என்ற சேவை 2008-இல் லண்டனில் தொடங்கியது. மேலதிகாரி வழியாகப் போக வேண்டியதில்லை, நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் போதைப்பழக்கத்துக்காக மருத்துவர் நலத் திட்டங்களில் சேர்ந்தவர்களை ஐந்து ஆண்டு கவனித்த ஆய்வு 2008-இல் வெளியானது. முடிவு தெரிந்த 802 பேரில் 631 பேர் ஐந்தாம் ஆண்டில் உரிமத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிகிச்சைக்குப் போனால் தொழில் முடிந்தது என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நேரம் பார்க்க வேண்டும்.

செலவு? பணம் உண்டு, வாரம் ஒரு மணி நேரம் உண்டு, டியூட்டி மாற்றிக்கொள்ளும் தொல்லை உண்டு. எனக்குப் பெரிய செலவாகத் தெரிந்தது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவது. முதல் இரண்டு அமர்வில் ஆலோசகரிடம் என் கேஸை நானே பிரசன்ட் செய்தேன். அறிகுறி, காலம், வேறு என்ன நோயாக இருக்கலாம் என்ற பட்டியல் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தக் கணக்கு சரிதானா?” என்றார். சரி என்றேன். “அப்போ தினமும் எதைத் தேடறீங்க?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அறையில்தான் அந்தக் குழந்தைக்காக முதல்முறை அழுதேன்.

## வழி 6: விடுப்பு

24 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், போதையில் வண்டி ஓட்டுபவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கடுமையாகக் களைத்த மருத்துவர் விலகி நிற்பது நோயாளிக்கும் நல்லது. வேலையில் தவறு வரும் நிலை, தூக்கம் முற்றாகப் போன நிலை, மருந்து தொடங்கிய முதல் வாரங்கள்: இவற்றுக்கு விடுப்பு அவசியம்.

தனியாக நின்றால் விடுப்பு மருந்தாகாது. திரும்பி வரும் வேலை அதே வேலையாக இருந்தால் சோர்வு சில வாரங்களில் திரும்பிவிடும். மனச்சோர்வு இருப்பவருக்கு, யாரும் வராத வீட்டில் நாள் முழுக்கப் படுத்திருப்பது நிலைமையை மோசமாக்கவும் செய்யும். நான் விடுப்பைத்தான் இரண்டாவதாக எடுத்தேன், சிகிச்சை எதுவும் இல்லாமல், மூன்று வாரம். வீட்டில் கணக்குப் போட நேரம் அதிகம் கிடைத்தது, அவ்வளவுதான். உங்கள் டியூட்டியை ஏற்றுக்கொண்டவர்கள் மீதான குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். ஆகவே விடுப்போடு ஒரு சிகிச்சை, திரும்பும்போது முதல் மாதம் குறைந்த நேரம், நைட் டியூட்டி இல்லை என்ற ஏற்பாடு, இரண்டையும் போகுமுன்பே பேசி முடியுங்கள்.

## வழி 7: துறையையோ வேலையையோ மாற்றுவது

மனசாட்சியின் காயத்துக்கு, நிறுவனம் மாறவே மாறாது என்று முயன்று பார்த்துத் தெரிந்தபின், இது நேர்மையான வழி. வேரைத் தொடுவதும் இதுதான். ஆனால் மனச்சோர்வு எல்லாக் கதவும் மூடியிருப்பதாகக் காட்டும். அந்தக் கண்ணால் பார்த்துப் பதினைந்து வருடப் படிப்பைத் தூக்கிப் போடக் கூடாது. முதலில் சிகிச்சை. தூக்கமும் பசியும் திரும்பி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகும் விலக வேண்டும் என்றே தோன்றினால், தயங்காமல் விலகுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | ரகசியம் | வேகம் | எதற்குப் பொருந்தும் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| தானே | முழுமை | உடனே | இரண்டு வாரத்துக்குள், லேசானது | தனக்குத் தானே மருந்து, தாமதம் |
| சக மருத்துவர் | ஆளைப் பொறுத்தது | உடனே | சம்பவத்தின் காயம், முதல் நாட்கள் | வம்பு, நட்பின் மீது பாரம் |
| குழு | நடுத்தரம் | மெதுவாக | பணிச்சோர்வு, மனசாட்சியின் காயம் | சொந்த நேரம் போகலாம் |
| மருத்துவமனைச் சேவை | கேட்டுத் தெரிய வேண்டும் | சில நாட்கள் | குறுகிய காலச் சிக்கல் | பதிவு யார் கையில் என்ற கவலை |
| வெளியே சிகிச்சை | அதிகம் | நாட்கள் முதல் வாரங்கள் | மனச்சோர்வு, ஆறாத காயம், போதைப்பழக்கம் | பணம், நேரம், தயக்கம் |
| விடுப்பு | குறைவு | சில நாட்கள் | கடும் களைப்பு, சிகிச்சைக்குத் துணை | குற்றவுணர்வு, தனிமை |
| வேலை மாற்றம் | இல்லை | மாதங்கள் | மாறாத சூழல் | வருமானம், அடையாளம் |

இவற்றைச் சேர்த்தும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சம்பவம் நடந்த அன்று சக மருத்துவர். நாலு வாரத்தில் தணியவில்லை என்றால் வெளியே ஆலோசகர். நலமான பிறகு குழு. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் வரிசை இது.

இந்தப் பட்டியல் பொருந்தாத ஒரு நிலை உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது, அல்லது அதற்கான வழியை மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது என்றால் ஒப்பீடு எதுவும் வேண்டாம். இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ, அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவையோ நாடுங்கள். அது நீங்கள் வேலை செய்யும் அதே பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை. சக மருத்துவர் ஒருவர் உங்களிடம் இதைச் சொன்னால் அன்றிரவு அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மருந்துகள் அவர் கையில் எட்டாமல் பார்த்துக்கொண்டு, கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள்.

உலக மருத்துவக் கழகத்தின் ஜெனீவா உறுதிமொழி 1948-இல் எழுதப்பட்டது. மருத்துவர் தன் உடல்நலத்தையும் நலவாழ்வையும் பேணுவேன் என்று சொல்லும் வரி அதில் 2017-இல்தான் சேர்ந்தது. நமக்கும் அந்த வரிக்குப் பழக்கம் குறைவு என்பதை நான் முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்கிய அன்று தெரிந்துகொண்டேன். மதியம், டியூட்டி அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு அந்த கிளினிக்குக்கு போன் செய்தேன். பழக்கதோஷத்தில் “டாக்டர் பேசறேன்” என்றுதான் ஆரம்பித்தேன். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாக, “சொல்லுங்க டாக்டர், பேஷன்ட் பேர் என்ன?” என்றார்.

என் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார்.